அட்சதைக் காட்சி

"மறைப்புக்கு நீளமா ஒரு துணி வேணும்டா" என்றபடி ராசாத்தி சித்தி வீட்டு முன்னறையிலிருந்த வீடியோ ஸ்டூடியோவின் சுவரில் தொங்கிய பச்சைத் துணியைப் பிடித்து இழுத்தாள். ஆணியோடு வந்தது. ஜெயப்பிரகாஷ் வாயைத் திறப்பதற்குள் நாலு பெண்கள் அதைப் பிரித்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டார்கள். அங்கே அவன் அம்மா கமலவேணியை பெஞ்சில் கிடத்தி, குளிப்பாட்டத் தண்ணீர் நிறைத்து வைத்திருந்தார்கள்.

அவன் கம்ப்யூட்டர் முன்னால்தான் நின்றிருந்தான். அம்மா போனது விடிகாலை ஐந்தரைக்கு. இப்போது மணி பத்தரை. நேற்றுச் சாயங்காலம் போட்ட ரெண்டர், அதாவது வெட்டி ஒட்டியதையெல்லாம் கம்ப்யூட்டர் ஒரே வீடியோவாகக் கோக்கும் வேலை, எழுபத்தொரு சதவீதத்தில் இருந்தது. அறுபதைத் தாண்டியபின் ஒவ்வொரு எண்ணும் மாற ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. இழவு வீட்டில் பெற்ற தாய்க்குப் பக்கத்தில் உட்காராமல் ஒருவன் திரையைப் பார்த்து நிற்கிறானே என்று வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று இருந்தான்.

ஓடிக்கொண்டிருந்தது அவன் அண்ணன் மகள் இலக்கியாவின் கல்யாண வீடியோ. கல்யாணம் இரண்டு மாதத்துக்கு முன்பு பெரம்பலூரில் பெரிய மண்டபத்தில் நடந்தது. அரியலூரிலிருந்து முக்கால் மணி நேரப் பயணம்தான். அம்மா போகவில்லை. போகவில்லை என்பது அண்ணன் கண்ணையன் ஊருக்குச் சொன்னது. உண்மையில் கூட்டிப் போகவில்லை. அம்மாவுக்கு நுரையீரல் கெட்டு, மூக்கில் ஆக்சிஜன் டியூபோடுதான் நடமாட்டம்.

"டியூபோட மேடையில நின்னா மாப்ள வூட்டுக்காரங்க என்ன நெனைப்பாங்க? பொண்ணு குடும்பத்துல நோவு இருக்குன்னு பேச்சாயிரும்" என்றான் கண்ணையன். அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்து, "பிரகாசு இருக்கான்லம்மா. பச்சைத் துணிய கட்டி உன்னைத் தனியா எடுத்து, மேடையில ஒட்டிருவான். டியூபையும் அழிச்சிருவான். நீ வரலைன்னு ஒருத்தனுக்கும் தெரியாது" என்று குழந்தைக்கு மிட்டாய் காட்டுவதுபோல் சொல்லிவைத்தான். சொன்னவன் அன்றைக்கே மறந்துவிட்டான். அம்மா பிடித்துக்கொண்டாள்.

கல்யாணம் முடிந்த மறுவாரம் ஸ்டூடியோவுக்குள் வந்து நின்றாள். இலக்கியா கல்யாணத்துக்கென்றே எடுத்து வைத்திருந்த பச்சைப் பட்டு. பச்சைத் துணிக்கு முன்னால் பச்சைச் சேலை ஆகாது என்பது இந்தத் தொழிலுக்கு வந்த முதல் நாளே எவனுக்கும் தெரிந்துவிடும். ஜெயப்பிரகாஷுக்குப் பதினைந்து வருஷத் தொழில். ஆனால் அவள் மூச்சிரைக்க இரைக்க அரை மணி நேரம் அந்தச் சேலையைக் கட்டியிருந்தாள். "நல்லாருக்காடா?" என்று வேறு கேட்டாள். மாற்றிக்கொண்டு வா என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. எடிட்டிங்கில் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

கைநிறைய அட்சதையை வைத்துக்கொண்டு, "எங்கடா போடட்டும்?" என்றாள்.

"அந்த ஸ்டூல் மேலம்மா. அங்க இலக்கியாவும் மாப்ளயும் நிக்கிறாங்கன்னு நெனச்சுக்க."

வெறும் ஸ்டூலுக்கு மனமார அட்சதை போட்டாள். தலையைத் தடவுவதுபோல் காற்றைத் தடவினாள். மொத்தம் நாற்பத்தெட்டு நொடி.

சாஃப்ட்வேரில் பச்சையை எடுத்ததும் துணியோடு சேலையும் போய்விட்டது. ஒரு தலையும் இரண்டு கைகளும் மட்டும் மேடையில் மிதந்து அட்சதை போட்டன. அவன் மனைவி பூவிழி பார்த்துச் சிரித்துவிட்டு, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். மறுபடி எடுக்கலாம் என்றால் அம்மா அதன்பிறகு கட்டிலை விட்டு எழவில்லை. ஆக, நொடிக்கு இருபத்தைந்து படம் வீதம் ஆயிரத்து இருநூறு படங்களிலும் சேலையின் ஓரத்தைக் கையாலேயே வரைந்தான். எட்டு வருஷத்துப் பழைய கம்ப்யூட்டர் அந்தப் பாரத்தைத் தாங்கவில்லை. ஒருமுறை எண்பதில் நின்றது, ஒருமுறை தொண்ணூற்று மூன்றில் தானாக அணைந்தது. சூடு தாங்காமல்தான் அணைகிறது என்று அம்மாவின் தலைமாட்டிலிருந்த டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து அதற்கு வைத்தான். அவளே எடுத்துக்கொள்ளச் சொன்னாள்.

"நான் வர்ற எடம் வந்துருச்சாடா?" என்று தினமும் கேட்டாள். குரல் எழும்பாமல் போனபிறகு, எவர்சில்வர் டம்ளரால் கட்டில் கம்பியைத் தட்டிக் கூப்பிட்டாள். அவன் இருந்த இடத்திலிருந்தே எண்ணைச் சொல்லுவான்.

இன்று விடிகாலையும் தட்டினாள். "அறுபத்தேழும்மா!" என்றான் திரும்பாமல். மறுபடியும் தட்டினாள். வேகமாக, நாலைந்து தரம். "அதான் சொன்னேன்ல, அறுபத்தேழு!" என்று கத்தினான். அதற்குப்பின் தட்டவில்லை. எண் அறுபத்தெட்டு ஆனதும் சொல்லப் போனவன், டம்ளர் தரையில் கிடப்பதைப் பார்த்தான். டியூப் மூக்கிலிருந்து கழன்று கழுத்தில் கிடந்தது. இதை அவன் பூவிழியிடம்கூடச் சொல்லவில்லை. சாகும்வரை யாரிடமும் சொல்லப் போவதுமில்லை.

கண்ணையன் உள்ளே வந்தான். தோளில் துண்டு, கையில் போன்.

"டேய் பிரகாசு, ரெண்டு மணிக்கு சம்பந்தி வராங்க. மாப்ள நாளைக்கு சிங்கப்பூர் கெளம்புறாரு. கல்யாண வீடியோவ இன்னைக்கே குடுத்தாவணும்."

"இன்னைக்கா? தீட்டு வூட்டுல வாங்குவாங்களாண்ணே?"

"நம்ம கையால குடுத்தாதான. பென்டிரைவ அவங்க டிரைவர்கிட்ட குடுத்து அனுப்பிருவோம், அவனுக்கென்ன தீட்டு? முடிஞ்சிருச்சா?"

"இன்னும் முப்பது இருக்கு. அம்மா சீன்தான் இழுக்குது."

"என்ன அம்மா சீன்?" என்றான் கண்ணையன். நிஜமாகவே அவனுக்கு நினைவில்லை. ஜெயப்பிரகாஷ் சொன்னதும் முகத்தைச் சுளித்தான். "இன்னுமா அதை வெச்சிருக்க? எடுத்து வுட்ருடா. செத்துப்போனவங்க நின்னு அட்சதை போட்டா பாக்குறவங்களுக்கு நல்லாவா இருக்கும்? வாழப்போற பொண்ணு."

"தினம் கேட்டுக்கிட்டே இருந்துச்சுண்ணே."

"கேட்டவங்கதான் போயிட்டாங்கள்ல?"

கண்ணையன் வெளியே போனான். கொல்லையில் பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. ஜெயப்பிரகாஷ் ரெண்டரை நிறுத்தினான். நிச்சயமாக நிறுத்தவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அதற்காவது கேட்கத் தோன்றியது. நாற்பத்தெட்டு நொடித் துண்டைத் தேர்ந்தெடுத்தான். இரண்டு மாதமாக மேடையேற்றியவளை இறக்க ஒரு விரல் போதுமாக இருந்தது. காட்சி போன இடத்தில் இரண்டு பக்கமும் தானாக ஒட்டிக்கொண்டன. மறுபடி ரெண்டர் போட்டான். அம்மா இல்லாத கல்யாணம் நாற்பதே நிமிடத்தில் முடிந்தது. இத்தனை வேகமாக அந்தக் கம்ப்யூட்டர் ஓடி அவன் பார்த்ததில்லை.

இரண்டு மணிக்குச் சம்பந்தி வீட்டார் மாலையோடு வந்தார்கள். அம்மாவுக்கு அந்தப் பச்சைப் பட்டையே கட்டி வாசல் பந்தலில் கிடத்தியிருந்தார்கள். நனைந்த பச்சைத் துணி சுற்றுச்சுவரில் காய்ந்தது. சம்பந்தியம்மா முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"இவங்கள நாங்க பாத்ததே இல்லையேங்க. கல்யாணத்துக்கு வரலீங்களா?"

ஜெயப்பிரகாஷ் அண்ணனைப் பார்த்தான். கண்ணையன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"வராம இருப்பாங்களாங்க? பேத்தி கல்யாணம். மேடையேறி அட்சதை போட்டாங்களே. கூட்டத்துல நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க. வீடியோல இருக்காங்க, நிதானமா பாருங்க."

சம்பந்தியம்மா தலையாட்டினாள். தெருமுனையில் நின்ற காரில் டிரைவர் பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டுப் பட்டனை மாட்டினான்.

"நேரமாவுது, புள்ளைங்க வாய்க்கரிசி போடுங்கப்பா" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். கண்ணையன் முதலில் போட்டுவிட்டு நகர்ந்தான். ஜெயப்பிரகாஷ் குனிந்து ஒரு பிடி அரிசி அள்ளினான். பச்சைப் பட்டு வெயிலில் மின்னியது. அரிசியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

"எங்க போடட்டும் சித்தி?"

ராசாத்தி அவனை ஒருமாதிரி பார்த்தாள். பிறகு அவன் மணிக்கட்டைப் பிடித்து, அம்மாவின் வாய்க்கு நேராகக் கொண்டுபோனாள்.