பூக்கிடங்கில் உருளைக்கிழங்கு

காவியாவுக்குத் தூக்கம் வரவில்லை. பக்கத்தில் தம்பி முத்துமணி வாயோரம் சிப்ஸ் துணுக்கோடு உறங்கினான். அப்பாவின் சிப்ஸ் கடையில் ஒடிந்துபோவதெல்லாம் அவன் பங்குதான். இந்த வாரம் எல்லாமே காப்பிக்கொட்டை நிறம்.

"யம்மா, முழிச்சிருக்கியா?"

"தூங்குதேன். சொல்லு," என்றாள் கோமதித்தாய்.

"எனக்குப் பயமா இருக்கும்மா. கறுத்த சிப்ஸுல அக்ரிலமைடுன்னு ஒரு ரசாயனம் கூடுமாம், படிச்சேன். எலிக்குக் கொடுத்ததுல புத்துநோய் வந்திருக்கு. மனுசருக்கு உறுதியாத் தெரியலையாம். தம்பி தெனமும் திங்கான்லா?"

"நல்ல மேட்டுப்பாளையத்துக் கிழங்குதானட்டி. ஏன் கறுக்கு?"

காவியா குரலைத் தாழ்த்தினாள். "சக்கரை. குளிர்ல கெடந்தா கிழங்கு மாவு சக்கரையா மாறிருமாம். அது எண்ணெயில சீக்கிரம் கறுத்துரும்."

ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்துக்கென்று அப்பா ஆறுமுகச்சாமி முன்கூட்டியே கிழங்கு வாங்கியிருந்தார். முளைவிடாமலிருக்க, பூ வியாபாரம் செய்யும் சிநேகிதன் பேச்சிராஜின் குளிர்க்கிடங்கில், மல்லிகைக் கூடைகளுக்கு நடுவே மூட்டைகளை அடுக்கினார். ஊரில் எவனுக்கும் தோன்றாத யோசனை என்று தெருத்தெருவாகப் பீற்றிக்கொண்டும் திரிந்தார். அதைத் தப்பென்று அவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் தபசுக்கு வருகிற பிள்ளைகளெல்லாம் அதைத்தான் தின்னும்.

"இந்நேரத்துல என்ன பேச்சு?" அப்பா கதவருகே நின்றார்.

"உங்க ஐஸ் கிழங்கு இனிக்குதாம்," என்று அம்மா போட்டுக்கொடுத்தாள்.

"எந்தக் கோட்டிக்காரப்பய சொன்னான்?"

"நாந்தாம்ப்பா."

அவர் முகம் சுண்டியது. "கடையில பொரிக்கிற செல்லப்பா தீயக் கூட வச்சிட்டான். அதான் கறுத்துட்டு."

காவியா எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள். அதே லோடில் வீட்டுக்கென்று எடுத்த கிழங்கு அடுப்படிக் கூடையில் கிடந்தது. நாளைக்கென்று கிடங்கிலிருந்து வந்த மூட்டை வாசலில் இருந்தது. இரண்டிலும் ஒவ்வொன்றை ஒரே கனத்தில் சீவி, ஒரே சட்டியில் போட்டாள். வீட்டுக் கிழங்கு பொன்னிறமாக மிதந்தது. கிடங்குக் கிழங்கு அதற்குள் கருகிவிட்டது.

அப்பா கரண்டியை வாங்கி இரண்டையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "அம்புட்டையும் குப்பையில கொட்டணுமாட்டி?"

"வேண்டாம்ப்பா. குளிர்லேருந்து எடுத்து ரெண்டு வாரம் வச்சிருந்தா சக்கரை கொறையும். முழுசாப் போவாது. சீவினத வெந்நியில போட்டு எடுத்து, கம்மிச் சூட்டுல பொரிக்கணும். அப்பமும் கறுத்தா விக்கப்படாது. அடுத்த தடவ சிப்ஸுக்குன்னே வெளைவிக்கிற ரகமாக் கேளுங்க, அதுல சக்கரை கம்மி. நல்லா முத்தவிட்டுத் தோண்டினதா இருக்கணும்."

"தபசுக்கு நாள் கெடக்கு," என்றபடி அவர் போனை எடுத்தார். "ஏலே பேச்சி, தூங்கிட்டியா? காலையில கெடங்கத் தொறந்து வையி. கிழங்க எடுக்க வாரேன்... பூவுக்கு ஒண்ணும் ஆவல, என் கிழங்குக்குத்தான் ஆயிட்டு!"

போனை வைத்துவிட்டு மகளைப் பார்த்தார். "எங்கன வைக்கலாம்?"

"காத்தாடணும். ஆனா வெளிச்சம் படப்படாது, பச்சையாயிரும்."

அப்பா வீட்டைச் சுற்றிக் கண்ணோட்டினார். பிறகு தான் படுக்கும் அறைக்குள் போய்க் கட்டிலை இழுக்க ஆரம்பித்தார்.

"ஏங்க, நாம எங்கன படுக்க?"

"மொட்டமாடியில. காவியா, அந்தக் கட்டில் காலப் பிடிட்டி."