தீட்டியவன் கழுத்தில் வால்

ஆட்களுக்கு உற்சாகம் ஊட்டப் போகிறேன் என்று எவனாவது கையில் சாக்கட்டியோடு வந்தால், முதலில் அதைப் பிடுங்கி எறிய வேண்டும். ஆம்பூர்த் தோல் பதனிடும் ஷாப்பில் அன்று அதற்கு ஆளில்லாமல் போனது.

சீமைக்குச் சரக்கு அனுப்ப இருபது நாள்தான் கெடு. புது மானேஜர் இஷ்தியாக் அகமது சுவரில் ஒரு கரும்பலகை மாட்டினார். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலில் ஒட்டிய சதையைச் சீவும் பன்னிரண்டு பேரின் பெயரையும் அதில் எழுதி, யார் எத்தனை தோல் சீவினான் என்று சாயங்காலம் குறித்தார். முதல் ஆளுக்குச் சிவப்புத் தலைப்பாகை. கடைசி ஆளின் கழுத்தில் அறுத்த மாட்டு வால். அதோடுதான் அவன் தெரு வழியே வீட்டுக்குப் போக வேண்டும்.

முதல் மூன்று நாளும் வால் அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவனான ராமலிங்கத்துக்குத்தான். அவன் சோம்பேறியா? பன்னிரண்டு கத்திகளையும் காலையிலும் உச்சியிலும் சாணைக்கல்லில் தீட்டித் தருபவனே அவன்தான். வேறு யார் தீட்டினாலும் கத்தி தோலைக் கிழிக்கும். தீட்டுவதில் போகும் இரண்டு மணி நேரத்துக்குப் பலகையில் இடமில்லை. அவன் தீட்டிய கத்தியால் நாற்பது தோல் சீவிய காசிக்குத் தலைப்பாகை. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

மூன்றாம் நாள் வால் ஏறியபோது காசி வாய்விட்டுச் சிரித்தான். பத்து வருஷமாக ராமலிங்கத்தோடு ஒரே சட்டியில் கூழ் குடித்தவன் அவன். அன்று வீட்டு வாசலில் மகள் கமலம் அப்பாவைப் பார்த்ததும் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். ராமலிங்கத்துக்கு மானேஜர் மேல் ஒரு பங்கு கோபம் என்றால் காசி மேல் பத்துப் பங்கு.

நாலாம் நாள் தன் கத்தியை மட்டும் தீட்டிக்கொண்டான். உச்சிக்குள் மற்றவர்கள் கையில் ஒன்பது தோல் கிழிந்தது. மானேஜர் ஓடிவந்தார்.

"இன்னாடா இது? கத்தி ஏன் தீட்டல?"

"அது பலகையில இல்லாத வேலை சாயபு. நான் சீவுறேன், எண்ணிக்குங்க."

"தீட்டலன்னா வெளிய போ!"

கத்தியை வைத்துவிட்டு நடந்தான். கேட்டருகே காசி ஓடிவந்து கையைப் பிடித்தான்.

"போவாத ராமலிங்கம்."

"வுடுறா! நேத்து இன்னாத்துக்குடா சிரிச்ச?"

காசி தலையைத் தொங்கப் போட்டான். "உன் கழுத்துல விழுந்ததும், அப்பாடா, இன்னிக்கு நான் தப்பிச்சேன்னு இருந்துச்சு. அதான் சிரிச்சேன். நாப்பது தோலு ஆசையிலயா சீவுறேன்? பயத்துல சீவுறேன். எல்லாருக்கும் அதே பயந்தான்."

ராமலிங்கம் அறையத்தான் கை ஓங்கினான். அறையவில்லை. கோபம் தணிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். போய்ச் சேர வேண்டிய ஆளை நோக்கி அது இப்போதுதான் திரும்பியது. காசியை இழுத்துக்கொண்டு உள்ளே போனான்.

"சாயபு, பன்னெண்டு கத்தியும் தீட்டித் தர்றேன். எங்கள எண்ணுறத நிறுத்துங்க."

"இல்லன்னா?"

"இல்லன்னா எங்க எல்லாரையும் வெளிய போகச் சொல்லுங்க," என்றான் காசி. மற்ற பத்துப் பேரும் மொன்னைக் கத்திகளைக் கீழே வைத்தார்கள்.

மானேஜர் தொட்டிகளைப் பார்த்தார். எண்ணூறு தோல் ஊறிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு நாள் சுண்ணாம்பில் கிடந்தால் அத்தனையும் நைந்து வீணாகும். அது அவருக்கும் தெரியும்.