கதவில் ஒரு சூரியகாந்தி

நல்லது செய்கிறேன் பேர்வழி என்று கூட்டமாகக் கிளம்புகிறவர்களைக் கண்டால் இரண்டு தெரு தள்ளிப் போய்விடுவது உத்தமம். வள்ளியம்மைக்கு அது தெரியவில்லை. நாட்டின் தலைநகரில், ரயில் பாதையோரக் குடிசைப் பகுதியில் இருந்த அவளுடைய ஒற்றை அறை வீட்டைப் பழுது பார்க்கக் கல்லூரி மாணவர்கள் வந்தார்கள். வீட்டைத் தேர்ந்தெடுத்தது அகல்யா. ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்த பெண். அந்தக் கூட்டத்தில் தமிழ் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

கூரைக்குப் புதுத் தகரம் போட்டார்கள், சுவருக்குச் சிமெண்ட் பூசினார்கள். குறை சொல்ல முடியாத வேலை. கடைசி நாள், வள்ளியம்மை சரோஜினி நகருக்கு வீட்டுவேலைக்குப் போயிருந்த நேரத்தில், கதவு மட்டும் அசிங்கமாக இருப்பதாக அகல்யாவுக்குப் பட்டது. யாரோ சிவப்பில் கிறுக்கியிருந்த எண்ணைச் சுரண்டி எடுத்தாள். நீல வண்ணம் அடித்து நடுவில் ஒரு சூரியகாந்தி வரைந்தாள்.

திரும்பி வந்த வள்ளியம்மை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அடிப்பாவி, நம்பர அழிச்சிப்புட்டியே! சர்வேக்காரன் போட்ட நம்பருடி அது. சர்க்கார் குடிசைய இடிச்சா மாத்து வீடு வாங்கறதுக்கு அதுதான சாட்சி!"

"டென்ஷன் ஆகாதீங்க ஆண்ட்டி. நம்பர் ஞாபகம் இருக்கில்ல? நானே எழுதிடறேன். ஜல்தி காஞ்சிடும்."

எழுதவும் செய்தாள். பூவுக்குக் கீழே, அழகான கையெழுத்தில்.

மழைக்காலம் முடிந்ததும், இடிக்கும் முன் மாற்று வீட்டுக்கு உரியவர்களைக் கணக்கெடுக்க அதிகாரி வந்தார். அவரிடம் இருந்தவை எண்கள் மட்டுமே. எந்த எண் எந்த வீடு என்பதைக் கதவுதான் சொல்ல வேண்டும். இங்கே புதுத் தகரம், புதுப் பூச்சு, புது வண்ணம், அதன்மேல் கோலம் போட்டது போல ஓர் எண். "நேற்றுக் கட்டிவிட்டு என்னையே ஏமாற்றப் பார்க்கிறாயா?" என்று ஹிந்தியில் கத்திவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை.

அகல்யா பேராசிரியர் ஜெயகிருஷ்ணனிடம் ஓடினாள். பழைய வீடுதான், எண்ணை அழித்தது நாங்கள்தான் என்று கல்லூரி ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் சேவை விருது வாங்கும் விழாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"சேவை வேற, சர்க்கார் விவகாரம் வேற அகல்யா. அதுல காலேஜ் பேர இழுக்காதே."

கல்லூரியின் பெயரைப் போகிற இடமெல்லாம் கட்டித் தொங்கவிட்டபோது இந்த ஞானம் எங்கே போயிருந்ததோ.

அப்போதுதான் முதல் நாள் எடுத்த படம் அவளுக்கு நினைவு வந்தது. வேலை தொடங்கும் முன் எல்லோரும் அந்த வாசலில் நின்று எடுத்தது. அதில் கதவு இருக்கும், கதவில் எண் இருக்கும். வள்ளியம்மையிடம் ஓடி வந்து விஷயத்தைச் சொல்லி, அவள் பக்கத்தில் உட்கார்ந்தபடியே படத்தை அனுப்பச் சொல்லி நண்பன் அபிஷேக்குக்குப் போன் செய்தாள். வள்ளியம்மை முருகனை வேண்டிக்கொண்டாள்.

படம் வந்தது. கிழிந்த தார்ப்பாய் தெரிந்தது, விரிசல் விட்ட சுவர் தெரிந்தது, கதவின் மேல்பாதி தெரிந்தது. எண் இருந்த இடத்தில் கல்லூரி பேனர். அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு பல் தெரியச் சிரித்து நின்றவள் அகல்யா.

வள்ளியம்மை போனை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். அவள் திட்டியிருந்தால் அகல்யாவுக்குத் தேவலை என்றிருந்திருக்கும்.

"ஒன் மொகம் நல்லா விழுந்திருக்கு கண்ணு" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உள்ளே போய்ச் சாமான்களை மூட்டை கட்டத் தொடங்கினாள்.