பஞ்சும் மூச்சும்

தோல் பதனிடும் ஷாப்பில் லோடு ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டதிலிருந்து, இடுப்புக்குக் கீழே ஆசாத்துக்கு எதுவுமே தெரியவில்லை. எட்டு மாதமாயிற்று. பேகம்பூரிலிருந்து ஆட்டோ பிடித்து, முதுகில் சிவப்பு வெளிச்சம் வைத்து வைத்தியம் பார்க்கும் இந்த கிளினிக்குக்கு மனைவி ஹுஸ்னாதான் அவனைக் கூட்டி வருகிறாள்.

“இது முயற்சிதான், உறுதியாச் சொல்ல முடியாது” என்று பிசியோதெரபிஸ்ட் அம்பிகா முதல் நாளே சொல்லிவிட்டாள். பன்னிரண்டு தடவை வெளிச்சம் வைப்பது. கொஞ்சமும் உணர்ச்சி திரும்பவில்லையென்றால் நிறுத்திவிடுவது.

இன்று பன்னிரண்டாவது. சிவப்பு விளக்கை அணைத்துவிட்டு, ஆசாத்தை மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். ஹுஸ்னா தலைமாட்டில் நின்றாள்.

“கண்ண மூடிக்கங்க பாய். பஞ்சு படுறது தெரிஞ்சா ஆமான்னு சொல்லுங்க.”

பாதத்தில் பஞ்சு பட்டது.

“ஆமா.”

கணுக்காலில். “ஆமா.”

முழங்காலில். “ஆமா.”

அம்பிகாவின் கை நின்றது. முகம் மலர்ந்தது.

“கேட்டியா ஹுஸ்னா, இனிமே உன் அதிகாரமெல்லாம் செல்லாது. டீக்கடைக்கு நானே நடந்து போயிருவேன்” என்றான் ஆசாத், கண்ணைத் திறக்காமலே.

ஹுஸ்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அரிசி களைந்தாலும் ஊசியில் நூல் கோத்தாலும் அவள் வாயில் ‘பிஸ்மில்லா’ தானாக வரும். பஞ்சு இறங்கிய ஒவ்வொரு முறையும் அது மூச்சாக வெளியேறியிருந்தது. அவன் காது ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அவன் ஏமாற்றவில்லை. எட்டு மாதமாக அவள் மூச்சை வைத்தே பொழுதறிந்தவன். காதில் விழுந்ததைக் காலில் பட்டதாக நம்பிவிட்டான்.

ஆனால் அவள்? இரண்டாவது ‘ஆமா’விலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. மூன்றாவது பிஸ்மில்லா வாய் தவறி வந்ததல்ல. அல்லாவின் பேரைச் சொல்லியே பொய்க்குத் துணை போயிருந்தாள்.

“டாக்டரம்மா, இன்னொருக்கா பாருங்க. நான் வெளிய நிக்கிறேன்.”

“எங்க போற? இங்கனயே நில்லு” என்றான்.

“செத்த நேரந்தாங்க.”

திரைக்கு வெளியே வந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இடுக்கு வழியாக அம்பிகாவின் கை தெரிந்தது. பஞ்சு பாதத்தைத் தொட்டது. கணுக்காலைத் தொட்டது. முழங்காலில் அழுந்தி நின்றது.

ஒரு ‘ஆமா’வும் வரவில்லை.

ஆசாத் கேட்டான். “இன்னும் ஆரம்பிக்கலையா டாக்டரம்மா?”

அம்பிகா பஞ்சைத் தட்டில் போட்டாள். ஹுஸ்னா திரையை விலக்கி உள்ளே வந்தாள். அவன் நெற்றியில் கை வைத்தாள்.

“தொட்டாச்சுங்க” என்றாள்.