கழித்த கரி

மானிப்பாயில் அருந்ததியின் கொட்டிலுக்குள் கைத்தறி நூல் சிவப்புச் சாயத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. மிஞ்சிய சாயத் தண்ணீர் தேங்காய்ச் சிரட்டைக்கரி நிரப்பிய பீப்பாய்க்குள் போய், அடிக்குழாயால் நிறமில்லாமல் சொட்டியது. பத்து மணிக்குக் கழிவுத் தண்ணீரைச் சோதிக்கும் அதிகாரி வருவார். அனுமதிப் பத்திரம் புதுப்பிக்காவிட்டால் கொட்டிலைப் பூட்ட வேண்டியதுதான்.

அவள் ஓரிடத்தில் நிற்கவில்லை. மாதிரி எடுக்கும் போத்தலைக் கழுவினாள். திரும்பவும் கழுவினாள். பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். பீப்பாயிலிருந்து கழித்த பழைய கரியை மூன்று உரப்பைகளில் கட்டி வைத்திருந்தாள். இரண்டுதான் கிடந்தன.

"சாருஜா, மற்றப் பை எங்கை?"

நூல் பிழிந்துகொண்டிருந்த உதவிப் பெண் சாருஜா நிமிர்ந்தாள். "பக்கத்து வீட்டு இளையதம்பி அண்ணை காலமை கொண்டு போனவர். கிணறு இறைச்சவராம். கரி போட்டால் தண்ணி தெளியுமாம். சும்மா கிடக்கிற கரிதானே அக்கா?"

அருந்ததி வேலிப் பக்கம் அடி எடுத்து வைத்தாள். தண்ணீரை விட்டுப் போன சாயமெல்லாம் அந்தக் கரியில்தான் ஒட்டியிருந்தது.

அதற்குள் அதிகாரி தில்லைநாதன் வந்துவிட்டார். அடிக்குழாயில் சொட்டிய தண்ணீரைப் போத்தலில் ஏந்தி, வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார்.

"எங்கடை வீட்டுத் தண்ணியை விடத் திறமாய்க் கிடக்கு. எங்கை, பத்திரத்தைத் தாங்கோ."

வேலிக்கு அப்பால் வாளிச் சத்தம் கேட்டது. ஒரு கையெழுத்து. அதுவரைக்கும் வாய் திறக்காமல் நின்றால் போதும். பத்திரத்தை எடுத்தாள், நீட்டக் கை வரவில்லை.

"ஐயா, பொறுங்கோ. என்ரை பழைய கரி பக்கத்துக் கிணத்துக்குப் போகுது." சொல்லிக்கொண்டே ஓடினாள்.

இளையதம்பி கிணற்றடியில் குந்தியிருந்து வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வா பிள்ளை. அரைவாசி போட்டாச்சு. மிச்சத்தைக் கழுவினால் தண்ணி சிவக்குது. உதென்ன புதினம்? கரிக்கும் சாயம் போடுறனியோ?"

"போடாதேங்கோ அண்ணை! உது சாயம் குடிச்ச கரி. இந்தத் தண்ணியை ஒருத்தரும் வாயிலை வைக்க வேண்டாம்."

அவர் சிரிப்பு அடங்கியது. "பேத்திக்குப் பால்மா கரைக்கிறதும் இதிலைதான்" என்றபடி, தண்ணீரைத் தோட்டத்துக்கு இறைத்துவிட மோட்டரடிக்குப் போனார்.

அருந்ததி மறித்தாள். "தோட்டத்துக்கு விட்டால் ஊறி எல்லாரின்ரை கிணத்துக்கும் போகும். குழாயை என்ரை பீப்பாய்க்கு இழுங்கோ. புதுக்கரி போடுறன். கிணத்துக்குள்ளை கிடக்கிற கரியை நானே இறங்கி அள்ளுறன்."

பின்னால் வந்து நின்ற அதிகாரி தலையை ஆட்டினார். "இண்டைக்குக் கையெழுத்துப் போடேலாது, தங்கச்சி."

"ஓம் ஐயா, போடாதேங்கோ." அவளுக்கு மூச்சு வாங்கியது. "தண்ணி தெளிஞ்சவுடனை என்ரை வேலை முடிஞ்சுதெண்டு நினைச்சிட்டன். எடுத்த நஞ்சை எங்கை வைக்கிறதெண்டு பார்க்காட்டி, நான் தண்ணியைச் சுத்தமாக்கேல்லை. ஊத்தையை அடுத்த வீட்டுக்கு அனுப்பினதுதான்."