பன்னிரண்டில் அஞ்சு பிழை

கணவன் லொறி விபத்தில் மௌத்தாகி இரண்டு மாதம். ஸுஹைனா இத்தாவில் இருந்தாள். நான்கு மாதமும் பத்து நாளும் வெளி ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருப்பது காத்தான்குடியின் அந்த ஆற்றோர ஒழுங்கையில் யாரும் மீறாத வழக்கம். வயிற்றுக்கு ஏது இத்தா? வீடு தேடி வேலை கொண்டுவருபவர் முனாப் ஒருவர்தான். அவர் தரும் அபாயா அங்கிகளின் கைகளில் மணி வைத்துத் தைக்க வேண்டும். ஓர் உருப்படிக்கு நூற்றைம்பது ரூபாய். ஒரு நாள் முழுக்கக் குனிந்திருந்தால் இரண்டு முடியும்.

சனிக்கிழமைகளில் முனாப் வருவார். தைத்த உருப்படிகளை வாசல் திரைக்குக் கீழால் ஸுஹைனா வெளியே தள்ளிவிடுவாள். அவர் எண்ணுவதை உள்ளே நின்று கேட்பாள்.

"புள்ள, பன்னிரண்டுல அஞ்சு பிழை. மணி கோணி இரிக்கி. வேற ஆளுக்கிட்டக் குடுத்துத்தான் திருத்தணும். ஏழுக்குத்தான் காசு."

அழுதழுது கண் மங்கிவிட்டதாக்கும் என்று அவள் தன்னையே நொந்துகொண்டாள். ஆனால் வாரம் தவறாமல் அதே அஞ்சு. அதுதான் உறுத்தியது.

ஒரு சனிக்கிழமை ஒவ்வொரு மணியையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள். அப்படியும் அஞ்சு பிழை என்றார். ஸுஹைனா திரையை ஒரு விரலளவு விலக்கிப் பார்த்தாள். மனுசன் ஒன்றைக்கூட விரித்துப் பார்க்கவில்லை. பன்னிரண்டையும் ஒரே பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார்.

ஸுஹைனா திரையைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள்.

"எது பிழை காக்கா? எடுத்துக் காட்டுங்க!"

முனாப் கையால் முகத்தை மூடிக்கொண்டு கத்தினார். "அல்லாஹ்வே! இத்தாவில இரிக்கிற பொம்புள வாசலுக்கு வாறாவே!"

ஒழுங்கையே எட்டிப் பார்த்தது. பார்த்ததெல்லாம் அவளைத்தான், பையைப் பார்க்க நாதியில்லை. கணவனின் தங்கை சபூரா ஓடிவந்து அவளை உள்ளே இழுத்தாள்.

"மௌத்தான எங்கட காக்காட மானத்த வாங்காதீங்க மச்சி!"

அடுத்த சனி முனாப் வரவில்லை. அதற்கடுத்த சனியும் வரவில்லை. வேறு வேலை தேடி ஸுஹைனா எங்கே போவாள்? சபூரா வீட்டுச் சோறும் எத்தனை நாளைக்கு? கடைசியில் சபூராதான் முனாபின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள்.

மறுபடியும் அபாயாக்கள் வந்தன. வாரம் முடிந்து முனாப் திரைக்கு வெளியே உட்கார்ந்தார். அவர் எண்ணத் தொடங்குமுன் ஸுஹைனாவே சொன்னாள்.

"இதிலயும் அஞ்சு பிழை இரிக்கும் காக்கா. கழிச்சிட்டுத் தாங்க."

முனாப் ஒன்றையும் விரிக்காமலே எல்லாவற்றையும் பைக்குள் அடுக்கினார்.

"ஆறு பிழை, புள்ள" என்றார்.