காலி எண்

எங்கள் சிப்பின் வரைபடத்தை, அதைச் செய்துதரும் தொழிற்சாலைக்கு எடுத்துப்போக மாலை நான்கு மணிக்குக் கூரியர்காரர் வருவார். மணி இரண்டேகால். கொடுத்தனுப்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை, காரணமும் நானேதான்.

பீளமேட்டில் எங்கள் கம்பெனி விசைத்தறிகளுக்கான கண்ட்ரோல் பெட்டி செய்தது. தொண்ணூற்றாறில், அதற்கான சிப்பை நாமே வடிவமைப்போம் என்று முதலாளி நரசிம்மலு கிளம்பினார். கட்டளைகளுக்கு எண் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அடிக்கடி வரும் கட்டளைக்கு ஒரே பைட், எப்போதாவது வருவதற்கு இரண்டோ மூன்றோ. முதல் பைட்டைப் பார்த்தே கட்டளையின் நீளத்தைச் சிப் தெரிந்துகொள்ளும். மெமரி சின்னது, இப்படிச் சுருக்கினால்தான் நெசவு புரோகிராம் அதில் அடங்கும்.

எங்கள் கம்பெனியில் சிக்கனம் ஒரு வெறி. துண்டு இரும்புகூடக் குப்பைக்குப் போகாது. நானும் முதல் பைட்டின் இருநூற்று ஐம்பத்தாறு எண்களையும் நிரப்பிவிட்டேன். “ஒண்ணுகூட வீணாக்கல பாருங்க, வெங்கடலட்சுமியாட்ட இருக்கோணும்” என்று முதலாளி எல்லார் முன்னாலும் மெச்சினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று மத்தியானம்தான் பஷீர் வந்தார். தறிக்குப் புரோகிராம் எழுதுகிறவர். கருமத்தம்பட்டித் தறிக்கூடங்களைச் சுற்றிவிட்டு நேராக வந்திருந்தார்.

“ஏனுங் மேடம், குறுக்கால ஓடற ஊடை நூல் அறுந்தா தறி தானா ரெண்டு இழை பின்னால போகோணுமாம். அல்லாருமே கேக்கறாங்க. இதுல இல்லாட்டிப் போகுது, அடுத்த சிப்புல சேத்துப்போடலாமுங்களா?”

பட்டியலை விரித்தேன். அடுத்த சிப்பிலும் பழைய புரோகிராம் ஓட வேண்டும், ஆகவே பழைய எண்களில் கை வைக்க முடியாது. புதியதற்கோ எண்ணே இல்லை. ஒரே ஒரு எண்ணைக் காலியாக விட்டிருந்தால், அதை முதல் பைட்டாக வைத்து, பின்னால் வரும் பைட்டுகளில் புதுக் கட்டளைகளை எத்தனை வேண்டுமானாலும் சேர்த்திருக்கலாம்.

“ஒரு எடத்துக்காச்சும் துண்டு போட்டு வெச்சிருக்கலாமுங்களே” என்றார் பஷீர். அவரை அறையலாம் போல இருந்தது. என்னை அறைந்துகொள்வதுதான் நியாயம்.

இப்போது மாற்றினால் சர்க்யூட்டை முதலிலிருந்து சோதிக்க வேண்டும். இரண்டு மாதம். ஈரோட்டுத் தறி முதலாளி ஒருவருக்குத் தைக்குள் பெட்டி தருவதாக வாக்குக் கொடுத்தாயிற்று. சொல்லாமல் அனுப்பினால் ஒரு வருஷத்துக்கு யாருக்கும் தெரியாது. அந்த நினைப்பு வந்து போனதை மறைக்கப்போவதில்லை. மேஜைக்கும் ஜன்னலுக்குமாக நடந்தேன். தண்ணீர் குடித்தேன். மறுபடி நடந்தேன். மூன்றரைக்கு முதலாளி அறைக்குள் நுழைந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

“இப்ப ஓடுமா, ஓடாதா?” என்றார்.

“ஓடுமுங்க சார். ஆனா இனிமே ஒண்ணும் சேக்க முடியாதுங்க.”

“அப்ப அனுப்பு. பொறகு பாத்துக்கலாம்.”

“பொறகு பாக்க எடமே இல்லீங்க. அனுப்பற தாள்ல நான் கையெழுத்துப் போட மாட்டேனுங்க.”

அவர் முகம் சிவந்தது. பட்டியலை வாங்கி வரிவரியாக விரலை ஓட்டினார். கூரியர்காரர் வந்தார், வெறுங்கையோடு திரும்பினார். பிறகு முதலாளி போனை என் பக்கம் தள்ளினார்.

“ஈரோட்டுக்கு நீயே சொல்லு அம்மணி.”

மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். எடுத்துவிட்டார்கள்.

“பெட்டி ரெண்டு மாசம் தள்ளிப் போகுதுங்க” என்றேன். “தப்பு என்னோடதுங்க.”